சரித்திரம் சார்ஜன்

திருகோணமலையில் பொலிசுக்குப் பயப்படாத ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். சரித்திரம் சார்ஜனுக்குப் பயப்படாத ஓர் ஆளை நான் கண்டதில்லை. மனுசன் அடிக்க மாட்டார், ஏச மாட்டார். இருத்திவைத்துக் கதைப்பார். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போய் இரண்டு மூன்று வருடம் இருக்கும். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பொலிஸ் நிலையத்தில் நான் கிளாக்கர். முறைப்பாட்டுப் புத்தகம் சார்ஜனின் மேசையில் இருக்கும். பொலிஸ் எப்படி உண்டானது என்று தெரியாதவன் முறைப்பாடு கொடுக்க வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா, தன் ஆடு களவு போனதென்று வந்தார்.

"எப்ப காணாமப் போனது?"

"காலையில சுபஹு தொழுதிட்டு வந்து பாக்கிறன், இல்ல ஐயா."

"அது கிடக்கட்டும். ஒல்லாந்தர் காலத்தில தெருக்காவலுக்கு ஆரை வைச்சவங்கள் எண்டு தெரியுமோ?"

நானாவுக்குத் தெரியாது. சார்ஜன் தொடங்கினார். ஒல்லாந்தர் ஆமிக்காரரைக் காவலுக்கு விட்ட கதை முடிந்து, ஊர்த் தலைவர்களான விதானைமார் கள்ளரைப் பிடித்த கதை நடந்துகொண்டிருந்தபோது நானாவின் மச்சான் சைக்கிளில் வந்து, ஆடு தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றார். நானா சந்தோஷத்தில் கண்கலங்கிவிட்டார். அது ஆட்டுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு தரம், கம்பிக் கூட்டுக்குள் போட்டிருந்த ஒரு முடிச்சுமாறி இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. சார்ஜன் கம்பிக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு மணித்தியாலத்தில் அவன், "நான்தான் எடுத்தனான்! என்னைக் கோட்டுக்கு அனுப்புங்கோ ஐயா!" என்று அழுதான்.

விஷயம் இன்ஸ்பெக்டரின் காதுக்கு எட்டியது. ஸ்டேசனில் இனிச் சரித்திரம் கதைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். சார்ஜன் "சரி சேர்" என்றார். அடுத்த நாள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பொலிஸ் படை முழுவதையும் படிப்படியாகப் படம் கீறி மேசைக்கு மேலே தொங்கவிட்டார். உச்சியில் பொலிஸ்மா அதிபர். அடியில் கொன்ஸ்தாபிள். அதற்கு ஒரு படி மேலே, சிவப்பு மையில், சார்ஜன்.

"சேர், இது சரித்திரமில்லை. நிர்வாகம்."

இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இதில நான் எங்க?" என்று கேட்டேன்.

"கிளாக்கர், நீங்கள் சிவில். உங்களைக் கீறினா மேசை கதிரையையும் கீற வேணும்."

இரண்டு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. யாரோ ஒரு மந்திரி துறைமுகத்துக்கு வருகிறார் என்று இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்டேசனில் சார்ஜன், நான், போன மாதம் சேர்ந்த ஒரு கொன்ஸ்தாபிள். பத்து மணிபோல, வள்ளமும் வலையும் வைத்திருக்கும் உப்புவெளிச் செல்லையாச் சம்மாட்டி சறத்தைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே ஓடி வந்தார். கரையில் முதல் வலையை யார் போடுவது என்று அவருக்கும் அந்தோனிச் சம்மாட்டிக்கும் சண்டை. அந்தோனியின் தம்பி மண்டை உடைந்து ஆசுப்பத்திரியில் கிடக்கிறான். பின்னாலேயே அந்தோனியும் நாற்பது ஆட்களும் துடுப்போடு வந்து நின்றார்கள்.

"செல்லையாவை வெளியில விடுங்கோ. இல்லாட்டி நாங்கள் உள்ளுக்கு வந்து தூக்குவம்!"

கொன்ஸ்தாபிள் தானாகவே கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் குனிந்தேன். சார்ஜன் தொப்பியைப் போட்டு, கலண்டர் தாளைக் கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"வரலாம், அந்தோனி. ஆனா எனக்கு அடிச்சிட்டுத்தான் உள்ளுக்கு வரவேணும். எனக்கு அடிச்சா அடுத்தது ஆர் வருவார் எண்டு தெரிஞ்சுகொண்டு அடியுங்கோ. வெயில்ல நில்லாதேங்கோ, இந்த வேம்புக்குக் கீழ இருங்கோ."

சார்ஜனுக்கு அடித்தால் சப்-இன்ஸ்பெக்டர் வருவார். அவருக்கும் அடித்தால் இன்ஸ்பெக்டர். அப்படியே கொழும்புவரை ஏறினார். "சரி, இவ்வளவு பேரும் எங்கயிருந்து முளைச்சவங்கள்? அதுக்கு நாங்கள் ஒல்லாந்தரிட்டப் போகவேணும்" என்றார். போனார். பதினொன்றரைக்குத் துடுப்புகளெல்லாம் நிலத்தில் கிடந்தன. சிலர் அதிலேயே தலைவைத்துப் படுத்துவிட்டார்கள்.

முதலில் தாங்காமல் போனது, உள்ளே இருந்த செல்லையாதான். கும்பிட்டபடி வெளியே வந்தார்.

"அந்தோனி, பிழை என்ர ஆக்களிலதான். இந்தக் கிழமை முழுக்க முதல் வலை உன்ரதான். எழும்பு, போவம்."

"முதல்ல ஆசுப்பத்திரிக்கு வந்து தம்பியைப் பார்."

"வாறன். எங்கயெண்டாலும் வாறன்."

எல்லாரும் எழும்பிவிட்டார்கள். சார்ஜனுக்குப் பெரிய ஏமாற்றம். "இருங்கோ! இன்னும் வெள்ளைக்காரனே வரேல்ல!" என்று கத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தேன்.

"உங்களுக்குப் பயமே இல்லையோ, சார்ஜன்?"

"பயத்தில, கிளாக்கர், இன்ஸ்பெக்டருக்கு மேல ஆரெண்டே மறந்துபோச்சு. ஒராளை ரெண்டு தரம் சொன்னனான். ஒருத்தரும் கவனிக்கேல்ல."

கிளாசை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தார். பாதித் தேத்தண்ணி காக்கிச் சட்டையில் ஊற்றுண்டது. நான் அவருடைய கைக்குமேல் என் கையை வைத்துப் பிடித்தேன். அவர் குடித்து முடியும்வரை கையை எடுக்கவில்லை.