சோதனைத் தாள்களும் ஒரு வெள்ளை லேஞ்சியும்

"பழைய கார் வாங்கிறவன் காரைப் பாக்கக்கூடாது. அதின்ர சோதனைத் தாளைப் பாக்கவேணும்."

மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில், முன் சீற்றில் இருந்த ஒரு வழுக்கைத் தலை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இது. அந்தத் தலை எருக்கலம்பிட்டிச் சந்தியில் இறங்கிப் போய்விட்டது. சொன்ன வார்த்தை மட்டும் பின் சீற்றில் இருந்த வலன்ரைனின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பின்னேரம் அவன் பேசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பாகவே மாறியிருந்தது.

வலன்ரைன் மன்னாரில் ஒரு கந்தோரில் கிளாக்கர். தாளில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவன் கொள்கை. மூத்த மகள் பிறந்தபோது, பிறப்புப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் அயலுக்குக் கற்கண்டு கொடுத்தவன். மனைவி பிரான்சிஸ்கா வீட்டிலிருந்து சட்டை தைப்பவள். அவன் சம்பளமும் அவள் தையலும் சேர்ந்து இத்தனை வருசமாக மிச்சம் பிடித்தது ஒரு பழைய காருக்குக் காணும். ஒன்றே ஒன்றுக்குத்தான். அது பிழையாய்ப் போனால் பிறகும் பஸ்தான்.

ஆவணியில் மடு மாதா கோயில் பெருநாளுக்கு இந்த முறையாவது சொந்தக் காரில் போகவேண்டும் என்பதுதான் வீட்டின் வேண்டுதல். போன வருசம் பஸ்ஸில் யாருடையதோ கரிப்பானை ஒன்று மடு வரைக்கும் பிரான்சிஸ்காவின் மடியில்தான் வந்தது.

வங்காலை லோறன்ஸ் தன் பழைய யப்பான் காரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, வலன்ரைன் தன் கண்டுபிடிப்பை வீட்டில் வெளியிட்டான்.

"இஞ்சேரும், மற்றவங்கள் போய்க் காரைத் தட்டிப் பாப்பாங்கள். கதவைத் திறந்து பூட்டிப் பாப்பாங்கள். நான் அப்பிடியில்லை. அதின்ர புகைச் சோதனைச் சரித்திரத்தைப் பாப்பன்."

"காரைப் பாக்கமாட்டியளோ?"

"கார் பொய் சொல்லும். தாள் சொல்லாது."

"என்னைக் கலியாணம் பேசேக்கை எங்கட அப்பாவும் உங்கட சேட்டிபிக்கற்றைத்தான் பாத்தவர்," என்றாள் பிரான்சிஸ்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் வங்காலைக்குப் போனார்கள். லோறன்ஸ் வாசலிலேயே ஒரு கடித உறையோடு நின்றார். வருசாவருசம் புகைச் சோதனையில் பாஸ் பண்ணாத காருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. லோறன்ஸின் கார் வருசாவருசம் பாஸ் பண்ணியிருந்தது. அதுவும் சாதாரண பாஸ் இல்லை. போகிற வழியில் மூச்சுக்கூட விடாத கார் மாதிரி ஒரு பாஸ். வலன்ரைன் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, முத்திரையைத் தடவி, பெருமூச்சு விட்டான். காரை ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டட்டுமா என்று லோறன்ஸ் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் எஞ்சினுக்கும் ஓய்வு வேண்டும் என்றார். வலன்ரைனுக்கு அதில் ஒரு பக்தியும் தெரிந்தது.

பிரான்சிஸ்கா குசினிப் பக்கம் போய்விட்டாள். லோறன்ஸின் மனைவி செலீனாவும் அவளும் மாதா சபையில் பழக்கம். பின்வளவில் கார்க் கொட்டிலுக்குப் பக்கத்தில் கொடி நிறைய உடுப்பு காய்ந்தது. கறுப்பு, கருநீலம், மண்ணிறம். தையல்காரியின் கண் அதில் வெள்ளையைத் தேடியது. ஒரு துண்டும் இல்லை.

"வெள்ளையோ?" என்றாள் செலீனா. "அது வருசத்தில ஒருநாள்தான் காயப்போடுவன். கார் புகைச் சோதனைக்குப் போற அண்டைக்கு. மற்ற நாளில அதின்ர புகை கரியாப் படிஞ்சிடும்."

பிறகு விளக்கமும் சொன்னாள். அவளுடைய தமையன் பெனடிக்ற் முருங்கனில் நெல் செய்பவர். அவரிடமும் இதே வகைக் கார், இதே நிறம். சோதனை நாளில் அவர் விடிய வந்துவிடுவார். அவருடைய காரில் இருந்து காபரேற்றர், பிளக், சைலென்சர் எல்லாம் கழன்று லோறன்ஸின் காரில் பூட்டுப்படும். கார் போய் பாஸ் பண்ணிவிட்டு வரும். பொழுதுபடமுதல் எல்லாம் திரும்ப முருங்கனுக்குப் போய்விடும்.

"பாஸ் பண்ணிறது அண்ணன்ர கார். தாள் மட்டும் இவற்ற கையில."

மாதா சபைக்காரி மாதா சபைக்காரிக்குப் பொய் சொல்லக்கூடாது என்பதால் இதைச் சொன்னதாகச் செலீனா சொன்னாள். அண்ணன் புதிதாகச் சின்ன லொறி எடுத்திருக்கிறார், அவருடைய காரும் விலைக்கு நிற்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொன்னாள். இரண்டில் எது பெரிய காரணம் என்று பிரான்சிஸ்கா ஆராயவில்லை.

திரும்பி வரும்போது வலன்ரைன் பஸ் முழுக்க அந்தத் தாள்களையே புகழ்ந்துகொண்டு வந்தான். பிரான்சிஸ்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனிடம் ஒரு தாளை வாயால் வெல்ல முடியாது என்பது அவளுக்குக் கலியாணம் முடித்த மாதமே தெரியும். அதனால் ஒன்று மட்டும் கேட்டாள்.

"முதல் வருசத்துத் தாளும் இருக்குதோ?"

வலன்ரைன் யோசித்தான். அது இல்லை.

"அப்ப இந்தச் சரித்திரம் நடுவிலையிருந்தல்லோ தொடங்குது."

அந்த வார்த்தை அவனைத் தைத்தது. மறுநாளே லோறன்ஸிடம் வாங்கிய பிரதிகளை வைத்து ஒரு கோவை திறந்தான். அட்டையில் லோறன்ஸின் காரின் இலக்கத்தைப் பெரிதாக எழுதி, கோடு கீறினான். மன்னாரில் விசாரித்தான். அந்தப் பழைய பிரதி வவுனியாவில் இருக்கும் என்றார்கள். வவுனியாவுக்கு எழுதினான். லீவு போட்டு நேரேயும் போனான். அந்த அவசரத்தில் முகம் துடைக்கக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வெள்ளை லேஞ்சியைக் காணவில்லை. தேடித் தருகிறேன் என்றாள் பிரான்சிஸ்கா. அவளும் அந்த நாட்களில் மாதா சபை அலுவலாகச் செலீனாவோடு அடிக்கடி வெளியே போய்வந்தாள். மிச்சம் பிடித்த காசுக்கு அதுதான் பாதுகாப்பு என்று வங்கிப் புத்தகத்தை அவள் பெயரில் திறந்து வைத்தவன் வலன்ரைன்தான்.

கடைசியில் முதல் வருசத்துத் தாள் கிடைத்தது. அதைக் கோவையில் கோத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெருநாளுக்கு முதல் கிழமை ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தான். பூவரச மரத்துக்குக் கீழே கார் நின்றது. அதே வகை, அதே நிறம். லோறன்ஸ் தானே கொண்டுவந்து விட்டுவிட்டார் என்று அவன் மனம் குளிர்ந்தது. கிட்டப்போய் இலக்கத்தைப் பார்த்தான். கோவையைப் பார்த்தான். திரும்ப இலக்கத்தைப் பார்த்தான்.

"இது வேற கார்."

"ஓம். பெனடிக்ற் அண்ணையின்ர. வங்கிக் காசைக் குடுத்து வாங்கிட்டன். அவர்தான் கொண்டுவந்து விட்டிட்டுப் போனவர்."

பிரான்சிஸ்கா எல்லாவற்றையும் சொன்னாள். கொடியில் காய்ந்த உடுப்பில் தொடங்கி, கழன்று பூட்டுப்பட்ட சாமான்கள் வரை. வலன்ரைனின் முகம் வங்காலைக் கொடி மாதிரிக் கறுத்துக்கொண்டு வந்தது.

"இதின்ர சோதனைச் சரித்திரத்தை நீர் பாக்கேல்லையே?" என்றான், கடைசிப் பிடியாக.

"நீங்கள்தானே பாத்தியள். உங்கட கக்கத்துக்குள்ள இருக்கிறது முழுக்க இதின்ர சரித்திரந்தான்."

அவள் கைப்பைக்குள் இருந்து அவனுடைய லேஞ்சியை எடுத்து விரித்தாள். பெனடிக்ற் காரை ஸ்ரார்ட் பண்ண, செலீனா செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபித்து முடிக்கும் வரைக்கும் இவள் அதைப் புகைக்குழாய்க்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாளாம். லேஞ்சி கோயிலுக்குக் கொண்டுபோகலாம் போல வெள்ளையாக இருந்தது.

காரின் பின் சீற்றில் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே மடுவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வலன்ரைன் விறாந்தைக் கதிரையில் இருந்து, கோவையை மடியில் வைத்து, சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்தான். அட்டையில் இருந்த இலக்கத்தை ஒரு கோட்டால் வெட்டி, மேலே பூவரச மரத்துக்குக் கீழே நின்ற காரின் இலக்கத்தை எழுதி, வெட்டிய இடத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்தான்.