முன்னறையும் முதல் பக்கமும்

முன்னறையைக் கைப்பற்றியே தீருவது என்று அர்ச்சுனன் முடிவெடுத்தது 1999-இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவில், சிரம்பான் நகரை அடுத்த பெடாஸுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஓய்வு நாளில் கல்யாண மணவறை அலங்காரம் செய்வார். தொழில் வளர ஓர் ஆபீஸ் வேண்டும் என்பது அவர் கட்சி. வீட்டில் வெளிச்சமும் காற்றும் வருகிற ஒரே அறையிலோ, மனைவி வள்ளியம்மா பதினோரு வருடமாகத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ரவிக்கை தைத்து வந்தாள்.

"மெஷின சமையல்கட்டுக்குத் தள்ளிரு. இண்டர்நெட்டுல நமக்கு ஒரு பக்கம் போட்டாச்சு. ராசா டவுனு கம்ப்யூட்டர் கடையில என் பேரைப் போட்டுத் தேடுனேன், நான்தான் மொத ஆளா வந்தேன்."

"உங்க பேரு தெரிஞ்சவங்க நேரா வீட்டுக்கே வந்துருவாங்களே. தெரியாதவங்க என்னத்தப் போட்டுத் தேடுவாங்க?"

அர்ச்சுனன் இதை யோசித்ததே இல்லை. யோசித்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, 'சிரம்பான் இந்தியர் கல்யாணம்' என்று ஆங்கிலத்தில் போடுவார்கள் என்றார். தீபாவளிக்குள் அதற்கு முதல் பக்கத்தில் யார் வருகிறார்களோ அவர்களுக்கே முன்னறை என்று அவரே பந்தயமும் கட்டினார். வள்ளியம்மா வாயில் ஊசியோடு தலையாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை ராசாவில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒன்பதாவது பக்கத்தின் அடியில் 'வெல்கம் டு மை ஹோம் பேஜ்' என்று ஒரு தலைப்பு தெரிந்தது. அது அவருடையதுதான். கீழே இரண்டே வரி: 'என் தாத்தா 1912-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது கடல்...' அதோடு அறுந்து நின்றது. மணவறைக்கு எங்கே வருவது? தாத்தா இன்னும் பினாங்குக்கே வந்து சேரவில்லை. அர்ச்சுனனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் அன்று சாப்பிடும்போது மனைவிக்குப் பாடமாக எடுத்தார்.

"ரெண்டாம் பக்கத்துக்கு ஒருத்தனும் போறதில்ல. தேடுற வார்த்தை தலைப்புலயே இருக்கணும். கீழ ரெண்டு வரியில என்ன கிடைக்கும், எங்க கிடைக்கும்னு சொல்லிறணும். அதோட, மத்தவங்க அவங்க பக்கத்துல இருந்து நம்ம பக்கத்துக்கு வழி காட்டணும்."

"திரும்பச் சொல்லுங்க."

அர்ச்சுனன் நெகிழ்ந்துபோனார். கல்யாணமான நாளாக அவர் பேச்சை அவள் இரண்டாம் தடவை கேட்டதே இல்லை. மூன்று முறை சொன்னார்.

சொன்னவர் செய்தாரா என்றால் இல்லை. தாத்தாவைக் கீழே இறக்க மனசு வரவில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்தின் அடியில் 'கல்யாணம்' என்று முந்நூறு தடவை அடித்துவைத்தார். ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதினாலாம் பக்கத்துக்குப் போனார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, நானும் வருகிறேன் என்று வள்ளியம்மா மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். ராசாவில் அர்ச்சுனன் அதே வார்த்தைகளை அடித்தார். முதல் பக்கத்தில் மூன்றாவதாக வந்து நின்றது: 'சிரம்பான் இந்தியர் கல்யாணம் – வள்ளியம்மா ரவிக்கை, பெடாஸ்'.

அவர் திரும்பிப் பார்த்தார். வள்ளியம்மா சாவகாசமாகச் சொன்னாள். லோபாக் ஊர்க் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற முத்துலெட்சுமி என்ற பெண் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாளாம். அளவெடுத்தபடியே, வீட்டுக்காரர் எடுத்த பாடத்தை இவள் அப்படியே ஒப்பித்தாளாம். பக்கத்தை முத்துலெட்சுமி போட்டாள். இவளிடம் ரவிக்கை தைத்துக்கொண்ட அவள் காலேஜ் தோழிகள் தங்கள் பக்கங்களிலிருந்து இதற்கு ஆளுக்கொரு வழி போட்டுவிட்டார்கள்.

"கல்யாணம் முடிவானா மொதல்ல பிளவுஸ் தைக்கிறவகிட்டதானே வருவாங்க? மணவறையெல்லாம் அப்புறம்தானே."

"பந்தயம் என் பக்கத்துக்குத்தான்," என்றார் அர்ச்சுனன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"யாரு வராங்களோ அவங்களுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்களையும் நான் விட்டுறல. கீழ ரெண்டு வரியப் படிங்க."

அர்ச்சுனன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்: 'மணப்பெண் ரவிக்கைக்கு முன்னறைக்கு வரவும். மணவறை அலங்காரத்துக்கு என் வீட்டுக்காரரைச் சமையல்கட்டில் பார்க்கவும்.'