ஒரு தலையணையும் நூறு டம்ளர் உமியும்

என் வணக்கத்துக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி கைகூப்பி எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே வீடு, கடை, தையல் மிஷின் எல்லாம் நலம்; உங்கள் தம்பியின் கழுத்து மட்டும் நலமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைய தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "என் தம்பி கழுத்தை என்ன பண்ணி வெச்சிருக்கே? ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல ஏத்தி அனுப்பு, ஒரு மாசம் என்கிட்ட இருக்கட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அனுப்புகிறேன். ஆனால் அதற்கு முன் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் அங்கே வந்து ஒன்று சொல்லி, நான் வேறொன்று எழுதியதாக இருக்கக் கூடாது.

முப்பது வருஷமாகக் கடிகாரத்துக்குள் குனிந்து பார்த்தே அவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர்தான், "பஞ்சுத் தலையணைய விடுங்கம்மா. பக்வீட்னு ஒரு தானியம், அதோட உமியில தலையணை வருது, கழுத்துக்கு ஏத்த மாதிரி நெளிஞ்சு குடுக்கும்" என்றார். மிஷின் இருக்கிறது, நானே கற்றுக்கொண்ட தையல் இருக்கிறது, பிறகு தைத்த தலையணையை எதற்கு வாங்க வேண்டும் என்று மூன்று கிலோ உமி மட்டும் வரவழைத்தேன். கறுப்பாக, மூன்று மூலையோடு, உள்ளே ஒன்றுமில்லாத தோல் அக்கா, பெருமூச்சு விட்டால்கூடப் பறக்கிறது. அதைச் சலித்துத் தூசி போக்கி, கூடத்தில் போர்வை விரித்துக் கொட்டிவைத்து, துணி வெட்ட உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தம்பி சாப்பிட வந்தார். வந்தவர் வழக்கம்போல ஃபேனை ஐந்தில் வைத்தார். "ஏங்க, அணைங்க!" என்று கத்தினேன். "எதை?" என்று நிதானமாகக் கேட்டார். அந்தக் கேள்வி முடிவதற்குள் உமி அலமாரி மேல், சாப்பாட்டுத் தட்டில், அவர் சட்டைப் பையில் எல்லாம் போய் உட்கார்ந்துவிட்டது. கூட்டி அள்ளி, மறுபடி சலித்து, தராசில் வைத்தேன். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

குறைந்த அறுபது கிராமில் ஒரே ஓர் உமி எங்கே போனது என்று மட்டும் மூன்றாம் நாள் தெரிந்தது. ரிட்டையர்டு தலைமை ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்து, "முந்தாநாள்தான் சரிபண்ணிக் குடுத்தீங்க, பத்து இருபதிலேயே நிக்குது" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாராம். திறந்தால் சக்கரத்துக்குக் குறுக்கே கறுப்பாக ஒன்று. "என்னய்யா அது, பூச்சியா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் தம்பிக்குத்தான் பொய் வராதே. "இல்ல சார், தலையணை" என்று சொல்லியிருக்கிறார். அவர் உடனே கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாராம்.

தையலும் லேசில் முடியவில்லை. உமி குத்தாத நெருக்கமான துணியாக எடுத்து, உள்பக்கம் வெளியே வைத்து, நான்கு பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, நூலையும் வெட்டிவிட்டு, திருப்பலாம் என்று எடுத்த பிறகுதான், திருப்புவதற்கு வழியே விடவில்லை என்று கண்டேன். ஒரு கை அகலம் பிரித்து, திருப்பி, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் செருகி, உமியை டம்ளரில் அளந்து போடத் தொடங்கினேன். அக்கா, இதுதான் என் பிழை. எண்ணிக்கை தவறக் கூடாதே என்று ஒரு டம்ளருக்கு ஒரு துதி சொல்லிக்கொண்டே போட்டேன். தினமும் நான் சொல்வது நூறு துதி. அறுபதாவதிலேயே தலையணை பார்க்க லட்சணமாக ஆகிவிட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்காக இறைவனை அறுபதில் நிற்க வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா? குலுக்கிக் குலுக்கி, கட்டை விரலால் அமுக்கி, நூறையும் உள்ளே சேர்த்து வாயைத் தைத்தேன். டம்ளருக்கு இருபத்தொன்பது கிராம். மீதி நாற்பது கிராம் ஒரு பாட்டிலில் இருக்கிறது. உமி வந்த பையில் 'முக்கால் பங்கு மட்டும் நிரப்பவும்' என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை உங்கள் தம்பி மறுநாள் கடிகாரம் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு படித்துக் காட்டினார்.

அதற்குள் ஒரு தடவை படுத்து எழுந்திருந்தார். "இது நெளிஞ்சு குடுக்காதும்மா, நாமதான் நெளியணும்" என்றார். நான்கு நாளில் கழுத்து இடப்பக்கம் திரும்பி நின்றுவிட்டது. கடையில் எதிரே நிற்கிறவரிடம் பேசும்போது வாசலைப் பார்க்கிறார். யாரோ வருகிறார்கள் என்று அவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். தையலாவது விட்டிருந்தால் தொல்லை தீர்ந்திருக்கும். நான் போட்ட இரட்டைத் தையல், விடுமா? பழைய பஞ்சுத் தலையணையையும் பிரித்து மெத்தையில் சேர்த்துவிட்டேன்.

"கொஞ்சம் எடுத்துடேன்" என்றார்.

"எதை எடுக்கச் சொல்றீங்க? முப்பத்திரண்டாவது துதியையா, எழுபத்தொண்ணாவதையா? உள்ளே போய் எல்லாம் கலந்துபோச்சு."

"அப்ப என் கழுத்தை எடுத்துடு" என்று சொல்லிவிட்டுக் குனிய முடியாமல் செருப்பைக் காலாலேயே தேடிக்கொண்டு போனார்.

சொல்லிக்கொண்டு செய்ததைப் பாதியில் திரும்ப எடுக்க எனக்குக் கை வரவில்லை அக்கா. அவருக்குக் குனிய வரவில்லை என்றால் கடை ஓடாது. ஆகவே நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஞாயிறு காலை பஸ், ஜன்னல் பக்கம், டிக்கெட் எடுத்தாயிற்று. கல்யாணமான நாளாகக் கடையை ஒரு வாரம் சேர்ந்தாற்போல் மூடியதில்லை. சுவரில் இருக்கிற பதினேழு கடிகாரத்துக்கும் சாவி கொடுக்க நானே கற்றுக்கொள்வேன். தையலும் கணக்கும் அப்படித்தான் கற்றேன். அவர் இல்லாத வீட்டில் இருக்க மட்டும் இதுவரை கற்றுக்கொண்டதில்லை. அவரை மென்மையான தலையணையில் படுக்க வையுங்கள். மோர் கேட்டால் கொடுக்காதீர்கள், சளி பிடிக்கும்.

வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசி என் தலைமேல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிழையை ஒப்புக்கொள்ளும்
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு இரண்டு நாள் ஆகிறது. நேற்று தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பினால், உங்கள் தம்பி கடையைப் பாதியில் விட்டு வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் தலையணை, வாய் பிரித்தபடி. பக்கத்தில் மீந்த துணியில் கையாலேயே தைத்த இன்னொரு பை. ஒவ்வொரு தையலும் கடிகாரத்தின் நொடிக் கோடு மாதிரி அவ்வளவு பொடி, அவ்வளவு நேர். "ஐயோ, எடுத்துட்டீங்களா!" என்று அலறினேன். "சும்மா இரு, எண்ணிக்கை விட்டுப்போகும்" என்று கடைசி டம்ளரையும் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார். "எதையும் வெளியே போடலை. என்னுதுல அம்பத்தஞ்சு, இது உனக்கு, நாப்பத்தஞ்சு. பக்கத்துல பக்கத்துல போட்டா நூறு. கணக்கு சரிதானே?" நான் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இன்று காலை கழுத்து நேரே வந்துவிட்டது. தலைமை ஆசிரியரின் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிவந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே மேலே 'அனுப்புகிறேன்' என்று எழுதிய இடத்தில் 'அனுப்பவில்லை' என்று படித்துக்கொள்ளவும். அவர் தன் தலையணையோடு அங்கேயும் நான் என்னுடையதோடு இங்கேயும் இருந்தால் இரண்டு வீட்டிலும் துதி அரைகுறையாக நிற்கும். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம். நீங்களே புறப்பட்டு வாருங்கள், ஒரு மாதம் இருங்கள். தலையணை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள்.