கதவு வியாபாரியின் கதவில்லாத அறை

'பத்தே நிமிடத்தில் உங்களுக்கென்று ஒரு தனி கிளவுட் நெட்வொர்க்: ஆரம்பநிலையினருக்கான எளிய பாடம்' என்று இணையத்தில் எழுதி வைத்திருக்கிறீரே, ஐயா, உம்மைத்தான் கேட்கிறேன். உமக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா? ஆகியிருந்தால் அந்தப் பாடத்தை அப்படி எழுதியிருக்க மாட்டீர். ஆகவில்லை என்றால் எழுதியதே தப்பு. எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி நீர்தான். உம்முடைய முகம் எனக்குத் தெரியாது, விலாசம் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நேரில் வந்திருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். படிக்கிறவர்கள் நியாயம் சொல்லட்டும்.

நான் பழைய கதவு, ஜன்னல் வியாபாரி. இடிக்கிற கட்டடங்களிலிருந்து கதவுகளை நிலையோடு பெயர்த்து வந்து, இழைத்து, மெருகேற்றி விற்பது தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய அடியெல்லாம்தான் படிப்பு. முதலில் கதவைத் தலையில் சுமந்தேன். பிறகு தள்ளுவண்டி. இப்போது ஒரு கொட்டகை நிறைய முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள் நிற்கின்றன. அத்தனையும் இந்த வாயால் சம்பாதித்தவை.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று சொல்லும் விலை. இன்னொன்று கொடுக்கும் விலை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, என் குடித்தனமே அதற்குள்தான். அங்கே நான் கோபப்படுவேன், நெஞ்சில் கை வைப்பேன், மரத்தைத் தட்டிக் காட்டுவேன். "இதுக்குக் கீழ இறங்கினா நான் கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்" என்று ஷட்டரைப் பிடித்து இழுக்கவும் செய்வேன். ஷட்டர் பாதி இறங்குவதற்குள் வந்தவர் படிந்துவிடுவார். கொடுக்கும் விலை என்னவென்று இருபது வருஷமாக என் தலைக்கு மட்டுமே தெரியும்.

போன வருஷம் பத்து நாள் காய்ச்சலில் விழுந்தேன். கடையை என் மனைவி பார்த்துக்கொண்டாள். பகலில் கடை, மற்ற நேரம் என் தலைமாட்டில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பத்தியம் எழுதுகிறாள் என்று நினைத்தேன். ஜுரத்தில் நான் உளறிய கொடுக்கும் விலையையெல்லாம் கதவு வாரியாக எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுந்து பார்த்தால், கிளவுட்டில் ஒரு கம்ப்யூட்டரைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, முழுப் பட்டியலையும் அதில் ஏற்றியிருக்கிறாள். கிளவுட் என்றதும் மேகம், மழை என்று பயப்பட வேண்டாம். எங்கேயோ யாரோ வைத்திருக்கிற கம்ப்யூட்டர் கூட்டத்தில் நமக்கு ஒரு மூலை, அவ்வளவுதான்.

எழுதி வைத்தாயிற்று என்று தெரிந்ததும் என் தலை என்ன செய்தது தெரியுமா? இடத்தைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டது. இப்போது எந்தக் கதவின் விலை வேண்டுமானாலும் நானும் போனைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

அவளும் பார்ப்பாள். பார்த்தால் பரவாயில்லை, சொல்வாள். வாடிக்கையாளர்கள் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போன் போட்டு, "அக்கா, அந்த ரெட்டைக் கதவு என்ன விலை?" என்பார்கள். அக்கா ஒரு கையால் அடுப்பில் கிளறிக்கொண்டே மறு கையால் போனைத் தேய்த்து, கொடுக்கும் விலையைப் பளிச்சென்று சொல்லிவிடுவாள். அந்த ஆள் கடைக்கு வந்து, நான் முக்கால் மணி நேரம் தொண்டை வறளக் கத்துவதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்பார். முடிந்ததும் அக்கா சொன்ன விலையை எடுத்து நீட்டுவார்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏம்மா, கொடுக்கும் விலையை நீயே சொல்லிட்டா, கடையில எனக்கு என்ன வேலை?"

"கதவைத் தூக்கி வண்டியில ஏத்த ஆள் வேணாமா?"

அன்றைக்குத்தான் ஐயா நான் சபதம் செய்தேன். அந்தப் பட்டியலை அவள் கை படாத ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டுவது என்று. தேடினேன். உம்முடைய பாடம் கிடைத்தது.

பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் எழுதியிருந்தீர். தனி நெட்வொர்க் என்பது நாம் வளைத்துப் போடும் மனை. அதற்குள் தடுக்கிற அறைகள்தான் சப்நெட். தெருப் பக்கம் வாசல் உள்ள அறை பொது சப்நெட், யாரும் வரலாம். தெரு வாசலே இல்லாத அறை தனி சப்நெட், வெளி ஆள் நுழைய முடியாது. ரகசியப் பொருளை அங்கே வைக்கவும். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷமாகக் கதவு விற்றவனுக்கு, கதவே இல்லாத அறை ஒன்று இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அவளுடைய கிளவுட் கணக்குக்குள் நுழைய ஆறு இலக்க எண் கேட்டது. அது அவள் போனுக்குத்தான் வரும். கரண்ட் பில் கட்டப் போகிறேன் என்றேன். துணி மடித்துக்கொண்டே எண்ணை வாசித்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை, மனையின் அளவு. பத்து என்று தொடங்கும் ஓர் எண்ணைப் போட்டு, சாய்கோடு இழுத்து, பின்னால் இன்னொரு எண் போடச் சொன்னீர். இருபத்து நாலு போட்டால் இருநூற்று ஐம்பத்தாறு முகவரி. பதினாறு போட்டால் அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. குறைத்துச் சொன்னால் அதிகமாகக் கிடைக்கிற வியாபாரத்தை என் ஆயுளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் இலவசம். இலவசமாகக் கொடுக்கும்போது எவனாவது கொஞ்சமாக அள்ளுவானா? பதினாறைப் போட்டேன்.

அடுத்து, மனையை அறைகளாகப் பிரிக்கச் சொன்னீர். தனி அறைக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மீதியைப் பிற்பாடு தேவைப்படும் என்று விட்டு வைக்கவும், என்றீர். விட்டு வைக்க நான் என்ன ஏமாளியா? விட்டு வைத்த இடத்தில் அடுத்தவன் வண்டி நிறுத்துவான், பார்த்திருக்கிறேன். அறுபத்தையாயிரத்துச் சொச்சத்தையும் ஒரே தனி அறைக்குக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு எண்ணிப் பார்த்தால் ஐந்து முகவரி குறைகிறது.

கிளவுட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். தேன் மாதிரிக் குரலில் ஒரு பெண் பேசினாள். ஒவ்வோர் அறையிலும் ஐந்து முகவரி அவர்கள் உபயோகத்துக்காம். ஐந்து எதற்கு, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முடியாது என்றாள். சரி, மூன்று, இதுவே எனக்குக் கட்டாது என்றேன். மன்னிக்கவும் என்றாள், குரலில் ஒரு சொட்டுத் தேன் குறையாமல். கணக்கையே மூடிவிடுவேன் என்று ஷட்டரை இழுத்துப் பார்த்தேன். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்றாள். வைத்துவிட்டேன். ஒரே விலைக்காரர்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துவராது.

பட்டியல் இருந்த கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்துத் தனி அறைக்குள் வைத்தேன். பழையதை அழித்தேன். அழிக்கட்டுமா, உறுதிதானா என்று இரண்டு தடவை கேட்டது. ஒரே பேச்சுக்காரனிடம் இரண்டு தடவை கேட்கிறதே என்று எரிச்சலோடு இரண்டு தடவையும் 'ஆம்' அமுக்கினேன்.

சாயங்காலம் அவள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "என்னங்க, கடை லிஸ்ட் வரலையே."

"நெட் சரியில்ல போல."

"அப்படியா" என்று போனை வைத்துவிட்டாள். அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையின் கடைசி சந்தோஷம் அது.

திங்கட்கிழமை கடைக்குப் போய் என் போனைத் திறந்தேன். பட்டியல் வரவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அங்கேயும் வரவில்லை. தெரு வாசல் இல்லாத அறை என்றால், அதைக் கட்டினவனும் தெருவில்தானே நிற்பான்? இது எனக்கு ஏன் தோன்றவில்லை? உமக்குத் தோன்றியிருக்கிறது ஐயா. பாடத்தின் அடியில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர். உள்ளே போக வேண்டுமானால் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பொது சப்நெட் போட்டு, அதன் வழியாகப் போகவும் என்று. வாயிற்படி பற்றிச் சொல்ல வேண்டியதை வீட்டின் கொல்லையிலா எழுதி வைப்பது?

போட்டுப் பார்த்தேன். முகவரிகள் மோதுகின்றன, இடம் இல்லை என்றது. எப்படி இருக்கும்? அத்தனையையும் நானே அள்ளிக் கொடுத்துவிட்டேனே. அறையைச் சுருக்கலாமா என்று தேடினேன். ஒருமுறை போட்ட சப்நெட்டைச் சுருக்க முடியாதாம். முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகளின் கொடுக்கும் விலையும் உள்ளே. நான் வெளியே.

மறுநாள் காலை பத்து மணிக்கு விடுதி கட்டும் கான்ட்ராக்டர் வந்தார். ஒரே நேரத்தில் நாற்பது கதவு. அந்த வருஷத்தின் மிகப் பெரிய வியாபாரம். அதைக் கோட்டைவிட்டால் கொட்டகை வாடகைக்கே நான் பதில் சொல்ல முடியாது. வழக்கம்போல ஆரம்பித்தேன். மரத்தைத் தட்டினேன். நெஞ்சில் கை வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்பதுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார்.

அந்தத் தொகை கொடுக்கும் விலைக்கு மேலேயா, கீழேயா?

எனக்குத் தெரியவில்லை. ஐயா, இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விலையைக் கேட்டுவிட்டு நான் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். கை தன்னால் ஷட்டருக்குப் போனது. இழுத்தால், அவர் சொன்னது நல்ல விலையாக இருந்து, நிஜமாகவே போய்விட்டால்? கையை எடுத்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது: "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

கொட்டகைக்குப் பின்னால், ஜன்னல் சட்டங்களுக்கு நடுவே நின்று போன் போட்டேன். முழுவதையும் ஒப்புக்கொண்டேன். சபதம், மனை, அறை, கரண்ட் பில் பொய், எல்லாம். அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. பட்டியல் போச்சும்மா. இனிமே யாராலயும் எடுக்க முடியாது."

"எந்தக் கதவுங்க? வரிசை எண்ணைச் சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொன்றாகக் கொடுக்கும் விலையை வாசித்தாள். நான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எப்படி உள்ள போன?"

"வேற அறை கட்ட இடமில்லைன்னா என்ன, இருக்கிற அறைக்கே ஒரு கதவு மாட்டினா ஆச்சு. கதவுக் கடைக்காரர் உங்களுக்குத் தோணியிருக்கும்னு நெனச்சேன்."

"எப்ப மாட்டின?"

"நேத்து காலையில."

"நேத்தேவா? அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

சரி, என் போனிலும் வரும்படி செய், கான்ட்ராக்டர் காத்திருக்கிறார் என்று கெஞ்சினேன். அப்போதுதான் அவள் தன் சொல்லும் விலையைச் சொன்னாள். இனி எல்லாக் கதவுக்கும் ஒரே விலை. அதைக் கதவிலேயே எழுதி ஒட்ட வேண்டும், ஊர் முழுக்கப் பார்க்கும்படி இணையத்திலும் போட வேண்டும். ஷட்டரைத் தொடக் கூடாது. நான் பேரத்தை ஆரம்பித்தேன். வாரத்தில் மூன்று நாள் ஒரே விலை என்றேன். ஐந்து நாள், சனி ஞாயிறு மட்டும் பழையபடி என்றேன். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. ரெட்டைக் கதவுகளை மட்டுமாவது எனக்கு விடு என்றேன்.

"போனை வெச்சிடட்டுமா?"

படிந்துவிட்டேன். இழுக்க அவளிடமும் ஒரு ஷட்டர் இருக்கிறது என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

கான்ட்ராக்டரிடம் போய்க் கொடுக்கும் விலையைச் சொன்னேன். அவர் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தலையை ஆட்டிவிட்டு வண்டியை உள்ளே விடச் சொன்னார். முக்கால் மணி நேரமாகப் பேசியதெல்லாம் வீண், முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "அண்ணே, உங்க கடையில இவ்வளவு நிம்மதியா நான் கதவு வாங்கினதே இல்ல" என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்திய குத்து அவருக்குத் தெரியாது. நாற்பது கதவையும் தூக்கி ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். உம்முடைய பாடம் அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை மூட மறந்திருக்கிறேன். இந்தத் தடவை அடி வரைக்கும் போனேன். அங்கே கேள்வி-பதில் பகுதி. ஞாயிறு சாயங்காலம் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'என் வீட்டுக்காரர் எல்லா முகவரிகளையும் ஒரே தனி சப்நெட்டுக்குக் கொடுத்துவிட்டார். கடைப் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டது. வழி உண்டா?' நீர் பதில் போட்டிருக்கிறீர், ஐயா. நாலே வரி. நெட்வொர்க்குக்கு ஒரு வாசல் மாட்டவும். வழிப் பட்டியலில் அந்த வாசலைச் சேர்க்கவும். கம்ப்யூட்டருக்கு ஒரு வெளி முகவரி கொடுக்கவும். அனுமதிப் பட்டியலில் உங்களுக்கு நம்பிக்கையானவரை மட்டும் சேர்க்கவும்.

கடைசி வரியை அவள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அந்தப் பட்டியலில் இருப்பது ஒரே ஓர் ஆள். நான் இல்லை. ஒரே விலைக்கு ஒப்புக்கொண்ட பிறகும் நான் இல்லை. விசாரித்தால், பார்க்கலாம் என்கிறாள். விலையைத் தெரிந்துகொள்ள, வாடிக்கையாளர்களைப் போல நானும் கதவில் ஒட்டிய சீட்டைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.

நானும் உம்மிடம் கேட்டேன். அவள் கேள்விக்குக் கீழேயே கேட்டேன்: 'அனுமதிப் பட்டியலில் வீட்டுக்காரரையும் சேர்க்க வழி உண்டா? அவசரம்.' இரண்டு வாரம் ஆகிறது. உம்மிடமிருந்து ஒரு சொல் இல்லை. பதில் வந்தது அவளிடமிருந்து: 'இவருக்கு வழி சொல்ல வேண்டாம். சாப்பிடக் கூப்பிட்டால் உடனே வருகிறாரா என்று ஒரு மாசம் பார்த்துவிட்டு நானே சேர்த்துக்கொள்கிறேன்.'

என் குடித்தனத்தைச் சரிசெய்ய வேண்டியவர் நீர்தான், ஐயா. நாலு வரி கூட வேண்டாம், ஒரு வரி எழுதும். அதற்கு முன்னால், அவள் பதிலுக்குக் கீழே நீர் போட்டிருக்கும் அந்தக் கைதட்டல் குறியை எடுத்துவிடும்.