தீக்குச்சி அண்ணனும் நம்பர் இல்லாத மூடிகளும்

ஆம்பூரில் இதுவரை எரிந்த பிளாஸ்டிக்கில் பாதியைக் கொளுத்தியது எங்கள் தெரு தீக்குச்சி அண்ணன்தான் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். மீதிப் பாதி தானாகப் பற்றிக்கொண்டிருக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஷூ கம்பெனியில் சோல் செக்கிங், அதாவது ஷூவின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் வேலை, பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து இறங்கும் சோல் எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் கொஞ்சம் நறுக்கி, அதற்கென்று இருக்கிற தனி ரூமுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டி, புகையை முகர்ந்து சொல்ல வேண்டும். தீ பச்சையாக எரிந்து நெடி மூக்கைப் பிடுங்கினால் பி.வி.சி. என்று எழுதுவார். கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் தீப்பெட்டிக்கு ஓய்வு கொடுக்கவில்லை. கொளுத்த சோல் கிடைக்காததால் சாப்பாட்டு டப்பாக்கள் பக்கம் திரும்பினார். எங்கள் தெருவுக்கு அன்று பிடித்தது சனி.

எந்த டப்பாவைக் கண்டாலும் தலைகீழாகத் திருப்பி, அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் எந்த ரகம் என்று சொல்லும் நம்பரைப் பார்த்தாக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் கவலையே அல்ல. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வாங்கி வந்த தயிர் டப்பாவை வாசலிலேயே வாங்கி அப்படித் திருப்பினார். தயிர் முழுக்க என் வீட்டுக்காரர் செருப்பில்.

"ஆறாம் நம்பர். கீழ வுட்டா வெடுக்குனு ஒடஞ்சிடும், ஜாக்கிரதை" என்றார், காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்து.

பிரியாணிக் கடையில் அவரைக் கண்டாலே பார்சல் கட்டுகிறவர் முகம் சுருங்கிவிடும். பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கும். இவர் கத்திரிக்காய் தொக்கு ஊற்றிய கவரை விரலால் நசுக்கிக்கொண்டிருப்பார். "நாலாம் நம்பர் பால் பாக்கெட்டுக்கு லாயக்கு பாய். கொதிக்கிற தொக்க இதுல ஊத்தினா, தின்றவன் தொக்கோட கவரையும் சேத்துத் தின்னணும்." சொல்வது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பசியோடு வரிசையில் நிற்கிறவனுக்கு நியாயம் எதற்கு?

எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளில் செய்ததுதான் உச்சம். தெர்மாகோல் தட்டில் சூடான கேசரி வைப்பதைப் பார்த்துவிட்டார். "இது சூட்டுக்கு ஆவாது" என்று சொன்னால் போதாதா? நிரூபிக்க வேண்டுமாம். தட்டின் ஓரத்தைப் பற்றவைத்தார். கரி நூல் நூலாக மேலே பறந்து, மின்விசிறிக் காற்றில் சுற்றி, வெள்ளைக் கேக்கின் மேல் நிதானமாக வந்து இறங்கியது. குழந்தை அழுதது. "பாத்தீங்களா, எம்மாங் கரி" என்று இவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இதெல்லாம் மற்றவர்கள் வீட்டுக் கதையாக இருந்தவரை நானும் சிரித்தேன்.

நான் ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருந்தவள். மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்து, டாக்டர் இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்றுவிட்டார். வீட்டிலேயே மதியச் சாப்பாடு செய்து பார்சல் விற்கத் தொடங்கினேன். வேறொரு ஷூ கம்பெனி ஆபீசிலிருந்து ஒருநாள் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார்கள். பிடித்தால் தினமும் என்னிடமே வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு நான் மறுபடி மிஷினுக்குத்தான் போக வேண்டும்.

கறுப்பு டப்பாக்களுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அன்று காலை நான் காய் வாங்கப் போயிருந்த நேரத்தில் வண்டிக்காரர் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்து, மூட்டையைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீடு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே மெழுகுவத்தி அணைத்த வாசனை அடித்தது. டப்பா பிளாஸ்டிக் எரிந்தால் வருகிற வாசனை. ஓடினேன்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"டப்பாவுல அஞ்சாம் நம்பர் இருக்குது தங்கச்சி. சூடு தாங்கும், அதுல பேஜாரே இல்ல. மூடியிலதான் நம்பர் போடல."

"அதுக்கு?"

"நம்பர் இல்லாத சரக்கு கலப்பட லாட்டா இருக்கும். சாம்பிள் பத்தாது. ஒண்ணொண்ணா செக்கிங் பண்ணணும். மூடிக்கு ஒரு மூலை நறுக்கிக் கொளுத்திப் பாத்துட்டேன்."

"எல்லா மூடியுமா?"

"எல்லாம் பாஸ். ஒண்ணுகூட ரிஜெக்ட் இல்ல" என்றார் பெருமையாக.

நான் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். மூலையில்லாத மூடியைப் போட்டு யாருக்குச் சாம்பார் அனுப்புவது? அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க வேண்டிய நேரம். வேலூருக்குப் போய் வேறு மூடி வாங்கி வர எங்கே நேரம்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணன் ஒரு மூடியை எடுத்து டப்பாவில் பொருத்திப் பார்த்தார். அது மூடி என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

"சோலுன்னா, வெட்டினத தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்துக்குவோம்" என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் சமைத்து முடிக்கும் நேரம் வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. உள்ளே பாத்திர வாடகைக் கடையின் சில்வர் தட்டுகள், கரண்டிகள், மூடி போட்ட தூக்குகள். "அண்டாவோட ஏத்து தங்கச்சி. நேரா தட்டுல போடுவோம்" என்றார்.

பார்சலை எதிர்பார்த்திருந்த மேனேஜர் அண்டாவைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் ஆவி பறக்கும் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் தட்டில் விழுந்ததும் பேச்சுக் குறைந்துபோனது. ஆட்கள் இரண்டாவது முறை வந்து நின்றார்கள். அண்ணன் ஓடியோடிப் பரிமாறினார். எனக்கு உயிர் வந்தது. பத்து நிமிஷம் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன்.

திடீரென்று அண்ணனின் கையைப் பிடித்து ஒரு செக்யூரிட்டி இழுத்து வந்தார். மேனேஜர் மேசையில் வெட்டிய பழம் வைத்திருந்த டப்பாவில் நம்பர் இல்லையாம். அண்ணன் தீப்பெட்டியை வெளியே எடுத்துவிட்டார். ஷூ கம்பெனியில் சட்டென்று தீப்பற்றும் பசை வைத்திருக்கும் கட்டடத்துக்குள் தீப்பெட்டி எடுப்பது கத்தி எடுப்பதைவிட மோசம். காலமெல்லாம் அப்படியொரு கம்பெனியிலேயே கிடந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். டப்பாவைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

"யாரும்மா இந்த ஆளு?" மேனேஜர் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "ஒங்க ஆளுன்னா இப்பவே அண்டாவ ஏத்திக்கினு கெளம்புங்க. தெரியாத ஆளுன்னா சொல்லுங்க, போலீசுக்கு ஃபோன் போடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "அவங்களுக்கு என்னைத் தெரியாது சார். அண்டா எறக்கக் கூலிக்கு வந்தவன் நானு."

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் கம்மென்று இருந்திருந்தால் ஆர்டர் என் கையில். காலையில் நான் திட்டிய திட்டுக்கு, இருந்திருக்கவும் வேண்டும்.

"பொய் சொல்றார் சார்" என்றேன். "என் கூடப் பொறந்த அண்ணன். வேணும்னா ரெண்டு பேரையும் சேத்தே அனுப்பிடுங்க."

மேனேஜர் என் கழுத்துச் சிலுவையையும் அவர் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் ஆட்கள் சாம்பாருக்காக வரிசையில் நிற்பதைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நாளையிலருந்து நீங்க வாங்க, இதே மாதிரி அண்டாவோட. ஒங்க அண்ணன் மட்டும் கம்பெனி கேட்டத் தாண்டி உள்ள வரக் கூடாது."

இப்போதும் அண்ணன் தினமும் அண்டாவோடு வண்டியில் ஏறிக்கொண்டு வருகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, மோரைக் கவரில் கட்டி விற்கிறவரோடு சண்டை போட்டு என் மானத்தை வாங்குகிறார். உள்ளே எத்தனை பேர் பசியோடு நின்றாலும் சரி, முதல் தட்டு கேட்டுக்கு வெளியே போன பிறகுதான் மற்றவர்களுக்குக் கரண்டியை எடுப்பேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் மேனேஜருக்கும் இன்றுவரை தகராறுதான்.