குழாயை அடைத்த செல்லுக்குப் பொன்னாடை

ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது. அதற்கு ஒரு இதயம். அந்த இதயத்தில் கோடிக்கணக்கான செல்கள், அதில் ஒரு மகா முட்டாள். அது யார் என்று தேட வேண்டாம், இதைச் சொல்லிக்கொண்டிருப்பவனேதான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். சுவரில் பொடிப்பொடியாகக் குழாய்கள். உப்பு, துளி சர்க்கரை, அவசரச் சேதி, எல்லாம் அதன் வழியே நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பெரிய மூட்டை எதுவும் நுழையாது. மேலத்தெருவில் ஒருவர் "துடி" என்றால், அது அடுத்த வீட்டுச் செங்கமலம் அக்காவுக்கு வந்து, அதே மூச்சில் எனக்கு வந்து, ஊரே ஒன்றாகத் துடிக்கும். கடிதம் கிடையாது, முத்திரை கிடையாது.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் ஒரு ஆள் இல்லையா? என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஒருநாள் என் குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டு, இனி எதுவானாலும் படிவம் நிரப்பி ரத்த ஓட்டத்தில் தபாலில் அனுப்பவும் என்று பலகை மாட்டினேன்.

அன்றைக்குத்தான் புலி வந்தது. மான் எடுத்தது ஓட்டம். அக்கா சுவரைத் தட்டினாள்.

"தம்பி, குழாயைத் திறப்பா. மான் செத்தா நாம எல்லாரும் காலி."

மூன்று பிரதிகளில் எழுதித் தரச் சொன்னேன். நான் இல்லாமல் இதயம் எப்படி ஓடுகிறது, பார்த்துவிடலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஓடியது. சேதி என்னைச் சுற்றிக்கொண்டு போனது. மான் ஓடையைத் தாண்டித் தப்பியும்விட்டது. நான் துடிக்காததை ஈ காக்கை கூடக் கவனிக்கவில்லை.

ஆனால் என் பங்கையும் சேர்த்து இழுத்ததில் அக்காவின் வெளிச்சுவர் கிழிந்துவிட்டது. வெளியே இருந்த சுண்ணாம்புச் சத்து, அளவு மீறினால் செல்லையே கொல்லும் கால்சியம், வெள்ளமாக உள்ளே பாய்ந்தது. அது குழாய் வழியே பரவினால் தெருவே போய்விடும். எனக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அழுதுகொண்டே அடைப்பைப் பிடுங்கப் பார்த்தேன், அக்காவைக் காப்பாற்றலாம் என்று. அசையவில்லை. அவ்வளவு ரோஷத்தோடு அடைத்திருக்கிறேன்.

"திறக்காதே தம்பி. எல்லாரும் மூடிக்குங்க," என்றாள். அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தடதடவென்று மூடினார்கள். மறுநாள் விசாரணைக்குழு வந்து, முதலில் மூடியது யார் என்று கேட்டது. தெருவே என்னைக் கைகாட்டியது. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொன்னாடை நன்றாக இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அக்கா வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு தழும்பு. அவளுக்கு நினைவஞ்சலிக் கூட்டம் நடந்தபோது தலைமை தாங்கக் கூப்பிட்டதும் என்னைத்தான்.

நீதி: முறைத்துக்கொண்டு கதவைச் சாத்துவதானால் ஊருக்கு முந்திச் சாத்திவிடுங்கள். பிறகு அதற்குத் தொலைநோக்கு என்று அவர்களே பெயர் வைத்துவிடுவார்கள்.