ஓலையாரின் சாம்பல் பேணி

எங்கள் கோயில் பங்கில் நாற்பது நாள் தபசுகாலத்தைத் தொடக்கிவைத்தவர் பாப்பரசர் அல்லர், ஓலையார். உரோமாபுரியில் எந்த நாளைக் குறித்தாலும் சரி, ஓலையார் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிப் படலையடியில் நின்று செருமினால்தான் எங்கள் சனத்துக்குப் பாவ புண்ணியம் ஞாபகத்துக்கு வரும். ஊர்காவற்றுறைத் துறைக்குக் கிட்ட இருந்த சின்னக் கோயில் எங்களுடையது. ஓலையாருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை ஒருவர் வாயாலும் நான் கேட்டதில்லை.

குருத்தோலை ஞாயிறன்று சுவாமியார் மந்திரித்துத் தரும் தென்னங்குருத்தைச் சிலுவையாக முடிந்து வாசல் நிலையில் செருகிவைப்பது வழக்கம். கடலுக்குப் போகிறவர்கள் வள்ளத்திலும் கட்டுவார்கள். அடுத்த வருடம் விபூதிப் புதன் வருவதற்கு முன் அந்தக் காய்ந்த ஓலைகளை வீடுவீடாகச் சேர்த்து எரிக்க வேண்டும். அந்தச் சாம்பலால்தான் புதன் காலைப் பூசையில் எல்லோருடைய நெற்றியிலும் சிலுவை போடுவார்கள். மற்றப் பங்குகளில் ஓலை சேர்ப்பது ஒரு பின்னேர வேலை. எங்கள் பங்கில் அது பொலிஸ் சோதனை.

ஓலையைக் கொடுத்தால் ஓலையார் முதலில் மூக்கில் பிடித்து மணந்து பார்ப்பார். எங்கள் கோயிலில் மந்திரித்த ஓலைக்கும் கலியாணப் பந்தல் தோரணத்துக்கும் மணத்தில் வித்தியாசம் தெரியும் என்பது அவர் கட்சி. பிறகு நுனி முதல் அடி வரை தடவிப் பார்ப்பார். ஒரு விரலளவு குறைந்தாலும் விடமாட்டார்.

"மிச்சம் எங்கை?"

"முருங்கைக்காய் கட்டினனான், அண்ணை."

"நல்லது. அப்ப முருங்கைக்காயைக் கொண்டுபோய்ச் சுவாமியிட்டைக் குடும். நெத்தியிலை பூசட்டும்."

ஒருமுறை சுவாமியார் குடியிருக்கும் அறைவீட்டுக்குப் போய், அவர் கொடுத்த ஓலையையே மணந்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"சுவாமி, இது எங்கடை ஓலை இல்லை."

"நான்தானே ஐயா மந்திரிச்சனான்!"

"மந்திரிச்சது நீங்கள். மணக்கிறது நான்."

காய்ந்த ஓலைச் சாக்கின் பின்னால் ஊர் ஆடுகள் எல்லாம் வரும். தூரத்தில் நின்று பார்த்தால் நல்ல மேய்ப்பன் படம் மாதிரியே இருக்கும். கிட்டப் போனால், மேய்ப்பன் ஆடுகளை ஏசுகிற ஏச்சு படத்துக்குப் பொருந்தாது.

நான் சொல்ல வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு தபசுகாலத்தைப் பற்றி. பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. அரசாங்கமே எங்களை வருடம் முழுவதும் ஒருசந்தி உபவாசத்தில் வைத்திருந்ததால் தபசுகாலத்தில் விடுவதற்கு ஒருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. வயிறு காய்ந்தால் வாய் நீளும். முந்திய வருடம் ஓலையார் ஏழு வீடுகளோடு சண்டை பிடித்திருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என்னைச் சுவாமியார் கூப்பிட்டார்.

"மாஸ்ரர், இந்த முறை நீரும் அந்தாளோடை போம். இன்னொரு சண்டை வந்தால் சாக்கைக் கோயில் மூப்பரின்ரை மருமகனிட்டைக் குடுக்கப்போறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

ஓலையாருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வள்ளம் இல்லை. தமக்கையும் அந்தச் சாக்கும்தான் இருந்தன. ஆகவே ஞாயிறு பின்னேரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அரை ஓலை தந்தவரைப் பார்த்துக்கூட, "கர்த்தர் பொறுப்பார்" என்றார். கர்த்தர் பொறுப்பார், தான் பொறுக்கப்போவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் சண்டை வரவில்லை. கடைசி வீடு திரேசக்காவினுடையது.

திரேசக்காவின் புருஷன் போன சோளகக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் போனவர். நெடுந்தீவுப் பக்கம் வள்ளம் மட்டும் ஒதுங்கியது. ஆள் வரவில்லை, உடலும் வரவில்லை. திரேசக்கா கறுப்பு உடுக்கவில்லை. ஆத்துமப் பூசையும் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேச ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை.

ஓலையார் செருமினார். திரேசக்கா படலைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஓலை."

"இல்லை, அண்ணை."

"இல்லையோ? அந்தா நிலையிலை தெரியுது."

"இருக்குது. தர ஏலாது."

"பழைய ஓலை விபூதிக்குப் பிறகு வீட்டிலை இருக்கக்கூடாது. அது முறை."

"அது அவர் முடிஞ்ச முடிச்சு. அவரே வந்து அவிழ்க்கட்டும்."

நான் ஓலையாரின் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, வாங்கோ போவம்." அவர் அசையவில்லை. பின்னேரம் முழுவதும் கடித்து வைத்திருந்த பல் அங்கேதான் விட்டுப்போனது.

"ஓலை தராத வீட்டுக்குச் சாம்பலும் இல்லை! நான் இனி இந்தப் படலை மிதிக்கவும் மாட்டன்!"

"நல்லது," என்று திரேசக்கா படலையைச் சாத்தினார்.

அதற்குள் ஒரு ஆடு உள்ளே போய்விட்டது. திரேசக்கா படலையைத் திரும்பவும் திறந்து, ஆட்டை வெளியே தள்ளி, மீண்டும் சாத்தினார். அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் ஆட்டின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும் வழியில் ஓலையார் கேட்டார்: "சுவாமியிட்டைச் சொல்லுவீரோ?"

"கேட்டால் சொல்லுவன்."

"கேக்காமல் இருக்கச் செபியும்."

திங்கட்கிழமை அறைவீட்டுப் பின்வளவில் ஓலைகளை எரித்தார். சாம்பலைப் பழைய வேட்டித் துண்டால் இரண்டு தரம் அரித்தார். மாவைவிட மெல்லிசாக வந்தது. கோயில் அறையில் ஈரம் என்று சொல்லி, பால்மா வந்த தகரப் பேணியில் போட்டுத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். குசினியில் அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தால் காய்ந்தபடி இருக்கும் என்பது அவர் எண்ணம்.

செவ்வாய் பின்னேரம், பேணியைக் கோயிலில் சேர்ப்பதற்காக அவரோடு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கால் வைத்ததும் கண் கூசியது. சட்டி, பானை, தாச்சி, மூடி எல்லாம் கழுவிக் கவிழ்த்து, வெயிலில் வெள்ளி மாதிரி மினுங்கின. தபசுகாலம் தொடங்குமுன் இறைச்சி காய்ச்சிய பாத்திரங்களைப் பிசுக்குப் போக மினுக்கி எடுத்துவைப்பது எங்கள் பெண்கள் வழக்கம். மினுக்குவது சாம்பலால்.

"தம்பி, எங்கையடா உந்தச் சாம்பல் எடுத்தனி?" என்றார் தமக்கை. "என்ரை சீவியத்திலை உப்பிடி நைசான சாம்பல் காணேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் குடுத்தனான்."

ஓலையார் பேணியை எடுத்துப் பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார். அதுவும் கழுவி மினுக்கியிருந்தது.

அந்த மனிதருக்கு ஏச்சு வராமல் போனதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். திண்ணைக் குந்தில் இருந்துவிட்டார். நான்தான் பேசினேன்.

"பக்கத்துப் பங்கிலை கொஞ்சம் கேப்பமே?"

"எங்கடை பாவத்துக்கு அவையின்ரை சாம்பலோ?"

தமக்கைக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. நெஞ்சில் கை வைத்தவர், உடனே வழியும் சொன்னார். "அடுப்பிலை சாம்பல் கிடக்கு. அரிச்சுப் போடு. எங்கள் மூண்டு பேருக்கும்தானே தெரியும்?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஓலையார் அடுப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கு அவர் மடியில் கிடந்தது.

"ஊர் ஓலை எல்லாத்தையும் மணந்து பாத்தனான்," என்றார் மெதுவாக. "அடுப்புச் சாம்பலைச் சுவாமியின்ரை கையிலை குடுக்க ஏலாது."

பங்கில் எரியாத ஓலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எந்த நிலையில் என்று இருவருக்கும் தெரியும்.

பொழுது சாய்கிற நேரம் திரேசக்கா வீட்டுக்குப் போனோம். வெறும் சாக்கு என்று தெரியாமல் ஆடுகளும் வந்தன. ஓலையார் செருமினார். அந்தச் செருமலில் வழமையான அதிகாரம் இல்லை, சளிதான் இருந்தது.

திரேசக்கா வந்தார். "படலை மிதிக்கமாட்டன் எண்டனீங்கள்?"

"வெளியிலைதான் நிக்கிறன், தங்கச்சி."

"என்ன வேணும்?"

"சாம்பல் போச்சுது."

"எங்கை போச்சுது?"

"சட்டியிலை."

முழுவதையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. திரேசக்கா முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டார்.

"சட்டி வடிவா மினுங்குதோ?"

"கண்ணாடி மாதிரி."

"எனக்குச் சாம்பல் இல்லையெண்டனீங்கள்."

"சொன்னனான்."

"இப்ப?"

"இப்ப ஊருக்கே இல்லை."

திரேசக்கா உள்ளே போனார். ஓலையார் என் காதுக்குள் சொன்னார்: "மாஸ்ரர், அவ தந்தாலும் நான் அதை என்னெண்டு வாங்கிறது?"

திரேசக்கா ஓலையோடும் கத்தரிக்கோலோடும் வந்தார். சிலுவை முடிச்சுக்குக் கீழே இரண்டு வால்கள் நீளமாகத் தொங்கின. படலைக்கு மேலாக எங்கள் முன்னிலையிலேயே அவற்றை வெட்டினார். முதல் வால் ஒரே வெட்டில் விழுந்தது. இரண்டாவதுக்கு மூன்று வெட்டு வேண்டியிருந்தது.

"வால் கோயிலுக்கு. முடிச்சு எனக்கு."

ஒரு விரலளவு குறைந்தாலும் விடாத மனிதர் அந்த இரண்டு துண்டையும் இரண்டு கையாலும் வாங்கினார். பழக்கத்தில் மூக்கடிக்குக் கொண்டுபோனார். "எங்கடை ஓலைதான்," என்றார்.

எரித்தபோது ஒரு சிட்டிகை வந்தது. புதன் காலை சுவாமியார் பேணிக்குள் பார்த்தார். பிறகு ஓலையாரைப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"நல்லா அரிச்சது, சுவாமி."

சுவாமியார் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தலையாக வரிசை நகர, நான் பேணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரேசக்காவின் முறை வந்தபோது பேணியடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவர் நெற்றியிலும் சிலுவை விழுந்தது. ஓலையார் ஆட்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நின்றார். அவர் வந்தபோது பேணி வெறுமை. சுவாமியார் வெறும் விரலால் சிலுவை போட்டார். ஓலை தராத வீட்டுக்குச் சாம்பல் இல்லை என்றவர், வெறும் நெற்றியோடு வீட்டுக்குப் போனார்.

"இந்த முறை சாம்பல் காணாது," என்று சனம் முணுமுணுத்தது. கடலோடு போன ஒரு மனிதர் தொட்ட ஓலையை நெற்றியில் சுமந்துகொண்டு நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு தபசுக்கும் ஓலையார் அந்தப் படலையடியில் நின்று செருமுவார். அந்தந்த வருடத்து ஓலையைத் திரேசக்கா கொடுப்பார். "பழசு?" என்று ஓலையார் கேட்பார். "இல்லை, அண்ணை." "சரி, தங்கச்சி." மற்ற வீடுகளில் முறை முறைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியில் ஓலையார் போய்ச் சேர்ந்தார். பெட்டி மூடும் நேரத்தில் திரேசக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முதன்முறையாகக் கறுப்புச் சேலை உடுத்தியிருந்தார். கையில் அந்த முடிச்சு இருந்தது. அதை ஓலையாரின் விரல்களுக்கிடையில் செருகினார்.

"அங்கை அவரைக் கண்டால் அண்ணை குடுக்கட்டும்," என்றார்.

ஓலையார் மணந்து பார்க்காமல் வாங்கிய ஓலை அது ஒன்றுதான்.